பிரேக் மாஸ்டரின் வலது கால்

பிரேக் மாஸ்டர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவர் முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. குனிந்து வலது காலைப் பார்க்க வேண்டும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்கு வேலை. பாதி ஆயுளைப் பக்கத்து இருக்கையிலேயே கழித்தவர். அந்த இருக்கைக்குக் கீழே வாத்தியாருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் கிடையாது, ஆக்ஸிலரேட்டர் கிடையாது; நிறுத்துவதற்கு மட்டும்தான் அதிகாரம். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் விளக்குக் கம்பத்தைக் குறி வைத்து வண்டியை விடுவார்கள், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள், சிலர் கையை எடுத்துக் கும்பிடவும் செய்வார்கள். மாஸ்டரின் பாதம் ஓர் அழுத்து அழுத்தும். வண்டி நிற்கும். அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

"பரவாயில்லை. கம்பம் நாளைக்கும் இங்கேதான் இருக்கும். நாம வீட்டுக்குப் போகணும்ல" என்பார்.

பயந்துபோனவர்கள் அதன் பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார்கள். அவர்களுக்கும் அவரிடம் ஒரே பாட்டுதான்: "காலை எடுங்க. மெதுவா. நான் இருக்கேன்ல."

தொழில் பழக்கம் தொழிலோடு நின்றிருந்தால் சிக்கலே இல்லை. அந்தக் கால் வீட்டிலும் வேலையில்தான் இருந்தது. மனைவி டம்ளரில் பாலை விளிம்பு வரை ஊற்றினால் மேசைக்கு அடியில் ‘தொப்’ என்று ஒரு சத்தம். தொலைக்காட்சியில் எவனோ ஒருவன் மாடிப்படியில் வேகமாக இறங்கினால் ‘தொப்’. கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் மூச்சிரைக்க மேலே ஏறி வந்து, "என்னங்க இடிக்கிறீங்க வீட்டுக்குள்ள?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க, படம் பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார் மாஸ்டரின் மனைவி.

அவர் குடிநீர் வாரியத்தில் தொலைபேசியில் புகார் வாங்குகிறவர். தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களும், வந்த தண்ணீர் நாறுகிறது என்று கத்துகிறவர்களும் நாள் முழுக்க அவர் காதில்தான் கொட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே குரல்தான்: "உங்க புகார் பதிவாயிடுச்சுங்க. கொஞ்ச நேரத்துல ஆள் வருவாங்க." கல்யாணத்துக்கு முன்னால் மாஸ்டர் திக்கித் திணறித் தன் மனதைச் சொன்னபோதும், "சரிங்க, பதிவு பண்ணிக்கிட்டேன்" என்றுதான் பதில் வந்ததாம். அது சம்மதமா இல்லையா என்று தெரியாமல் அவர் ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காமல் திரிந்தார்.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே மகள். ஏழு வயது. வீட்டில் அவளைக் கூப்பிடுகிற பெயர் சைலன்சர். தூங்கினால் அவள் விடும் குறட்டை, சைலன்சர் கழன்று விழுந்த பைக் மேட்டில் ஏறுவது போல இருக்கும். அந்தச் சின்ன உடம்புக்குள் இந்த இன்ஜினை யார் வைத்தது என்று வந்த விருந்தாளிகள் எல்லாம் சிரித்தார்கள். மாஸ்டரும் முதலில் சிரித்தவர்தான். பிறகு ஒன்றைக் கவனித்தார். இரைந்துகொண்டே போகிற வண்டி திடீரென்று நின்றுவிடும். சத்தமே இருக்காது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பிறகு ஒரு திணறலோடு அது மறுபடியும் கிளம்பும். அந்த இடைவெளியில் அவர் கால் கட்டிலின் பலகையை மிதித்து மிதித்து, பலகையில் விரிசலே விட்டுவிட்டது.

காது மூக்கு தொண்டை டாக்டர் அவள் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். "டான்சில் ரெண்டும் நல்லா வீங்கியிருக்கு. மூச்சுக்கு வழியே இல்ல. எடுத்துடறது நல்லது" என்றார். சந்துக்குள் இரண்டு பக்கமும் லாரியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அப்புறப்படுத்த வேண்டும் என்று மாஸ்டர் தனக்குள் மொழிபெயர்த்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் காலுக்குத்தான் புரியவில்லை.

ஆபரேஷனுக்குக் குறித்த முதல் தேதி பாழானது அதனால்தான். வார்டில் எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் ஒருவர் காகிதத் தொப்பியோடு வந்தார். மாஸ்டர் மகளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். அதே நேரம் கீழே ‘தொப்’ என்று கேட்டது.

சைலன்சர் குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் காலைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒரு குரல் எடுத்தாள். மூச்சு போக வழியில்லாத அந்தத் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார். பக்கத்துக் கட்டில் குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. வார்டே ஒப்பாரி வைத்தது.

"இப்படி அழ வச்சு உள்ளே கொண்டுபோக வேண்டாம்" என்றார் டாக்டர். "வேற தேதி தர்றேன். ஆனா சும்மா சும்மா தள்ளிப்போடவும் முடியாது, மூச்சு விஷயம். அதுக்குள்ள நம்ம ஒத்திகை சிஸ்டரை ஒரு தடவை வந்து பாருங்க."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டார். "ஏன் கண்ணு அழுதே?"

"அப்பா பிரேக் போட்டாரு."

"அப்பா சிரிச்சுக்கிட்டுதானே இருந்தாரு."

"மூஞ்சி சிரிச்சுச்சு. கால் பிரேக் போட்டுச்சு. நான் எதை நம்புறது?"

காரின் பின் இருக்கையில் வளர்ந்த பிள்ளை அவள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அம்மா வேலை முடிந்து வரும் வரை மாஸ்டரின் பயிற்சிக் காரில்தான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். முன்னால் உட்கார்ந்திருப்பவர் எத்தனை இனிமையாகப் பேசினாலும், வண்டி இடிக்கப்போகிறதா இல்லையா என்பது அந்தக் காலுக்குத்தான் முதலில் தெரியும் என்று அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே படித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. மாஸ்டரின் அக்கா, அடுத்த தெருவில் இருப்பவர், சேதி காதில் விழுந்ததுமே வந்துவிட்டார். கத்தி படாத இடம் என்று அவர் உடம்பில் தேடினால் நாக்கு ஒன்றுதான் அகப்படும். பித்தப்பை, கண், முட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. ஒவ்வொரு கதையிலும் அவர் செத்துப் பிழைத்தார்.

"டேய் தம்பி, நீ உள்ளேயே வராதே. தூங்க வைக்கற வரைக்கும் வீட்டாள் ஒருத்தர் கூட இருக்கலாம்னு சொல்றாங்கல்ல? நான் போறேன். எனக்கு எல்லாம் பழக்கம்."

"அத்தை வேணாம்" என்றாள் சைலன்சர். "அத்தை பித்தப்பை கதை சொல்லுவாங்க."

"அப்போ அம்மா வரட்டுமா?"

"அம்மாவும் வேணாம். வீடு தீப்பிடிச்சாலும் அம்மா ‘பதிவாயிடுச்சுங்க’ன்னுதான் சொல்லுவாங்க. பயப்படணுமா வேணாமான்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்பாதான் வரணும்." அவள் கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். "கால் சும்மா இருந்தா நான் உள்ளே போறேன். கால் பிரேக் போட்டா நான் போக மாட்டேன்."

அவ்வளவுதான் நிபந்தனை. அம்மா அதைப் பதிவு செய்துகொண்டார். மாஸ்டர் கட்டிலின் விரிசல் விட்ட பலகையைப் பார்த்தார். பெற்ற பிள்ளை நிம்மதியாக மூச்சு விடுவதும் விடாததும் இப்போது தன் வலது பாதத்தில் வந்து நிற்கிறது என்று அவருக்கு விளங்கியது. தலையில் பாரம் விழும் என்று கேட்டிருக்கிறார். காலில் விழும் என்று யாரும் சொன்னதில்லை.

காலைப் பழக்குவது என்று முடிவு செய்தார். மறுநாள் பாடத்துக்கு வந்தவர் முடிதிருத்துகிறவர். நல்ல மனிதர், தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் காலமெல்லாம் ஆளைக் கண்ணாடியில் பார்த்தே பேசிப் பழகியவர். காரில் ஏறியதும் அவர் கண் முன்பக்கக் கண்ணாடியைத் தாண்டிப் போகாது. மேலே தொங்குகிற சின்னக் கண்ணாடியில்தான் நிலைத்திருக்கும். பின்னால் வருகிறவன் கிருதா சரியில்லை என்பார். முன்னால் ஒரு உலகம் இருப்பது அவருக்கு எப்போதாவதுதான் நினைவு வரும்.

மாஸ்டர் அன்று செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையின் மேல் இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், சாப்பாட்டுக்கு உக்கார்ற மாதிரி உக்காந்துட்டீங்க?"

"நீங்க ஓட்டுங்க. நான் எதுவும் பண்ணப்போறதில்ல."

அது தன் மேல் வந்துவிட்ட நம்பிக்கை என்று நினைத்துக்கொண்ட அவர் உற்சாகமாக ஓட்டினார். தெருமுனையில் பெரிய குப்பைத்தொட்டி ஒன்று நின்றது. மாஸ்டர் அதைப் பார்த்தார். கால் துடித்தது. அதை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். தொட்டி நெருங்கியது. முடிதிருத்துகிறவர் கண்ணாடியில் பார்த்து, "பின்னாடி ஒரு தொல்லையும் இல்ல மாஸ்டர்" என்றார்.

தொட்டி மெல்லச் சாய்ந்தது. அதற்குள் இருந்தது எல்லாம் காரின் மேல் வந்தது.

கண்ணாடியின் மேலே ஒரு பழத்தோல் வழுக்கி இறங்கியது.

"நீங்க ஏன் மாஸ்டர் பிரேக் போடலை?"

"ஆபரேஷனுக்குத் தயார் ஆகிக்கிட்டிருக்கேன்."

"உங்களுக்கா?"

"என் பொண்ணுக்கு."

முடிதிருத்துகிறவர் அதை வெகுநேரம் யோசித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அப்போ மிச்சப் பாடத்தை ஆபரேஷன் முடிஞ்சப்புறம் வச்சுக்கலாமா மாஸ்டர்?" என்று பணிவாகக் கேட்டார்.

ஒத்திகை சிஸ்டர் என்பவர் அந்த மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகும் குழந்தைகளுக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே நடத்திக் காட்டுகிற நர்ஸ். அவருடைய அறையில் நாற்காலிகள் எல்லாம் குழந்தைகள் உயரத்துக்கு இருந்தன. உட்கார்ந்ததும் மாஸ்டரின் முழங்கால்கள் தாடையைத் தொட்டன. நடுவில் ஒரு குட்டிக் கட்டில். அதில் ஒரு துணிப்பொம்மை. எத்தனையோ தடவை ஆபரேஷன் பார்த்த பொம்மை என்பது அதன் தையல்களிலேயே தெரிந்தது. அத்தைக்கு அதைக் கண்டதும் பாசம் வந்துவிட்டது.

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் சிஸ்டர் சைலன்சரிடம். "கைமேல ஒரு களிம்பு பூசுவோம், தோல் மரத்துப்போறதுக்கு. அப்புறம் இந்த மாஸ்க்கை மூக்குல வைப்போம். மூச்சு விட்டுக்கிட்டே இருந்தா தூக்கம் வந்துடும். டாக்டர் வேலை பார்க்கறப்போ உனக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா எழுந்தப்புறம் தொண்டை வலிக்கும். மருந்து தருவோம். ஐஸ்கிரீமும் தருவோம்."

"எனக்குப் பித்தப்பை எடுத்தப்போ..." என்று ஆரம்பித்தார் அத்தை.

"அம்மா, உங்க முகம் கொஞ்சம் வாடியிருக்கே. ஜுரம் இருக்கறவங்களை வார்டுக்குள்ள விட மாட்டாங்க, பார்த்துடலாமா?" சிஸ்டர் ஒரு தெர்மாமீட்டரைத் துடைத்து அத்தையின் நாக்குக்கு அடியில் வைத்தார். "நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

அறையில் அமைதி நிலவியது. மாஸ்டரின் மனைவி மெதுவாகக் குனிந்து கேட்டார். "சிஸ்டர், இது வெளியில கிடைக்குமா?"

சைலன்சர் பொம்மைக்குத் தொப்பி போட்டாள். கையில் பெயர்ப் பட்டை கட்டினாள். களிம்பு பூசினாள். மாஸ்க்கை எடுத்துப் பொம்மையின் மூக்கருகே கொண்டுபோனாள்.

‘தொப்.’

அவள் கை நின்றது. கண் நேராகத் தரைக்குப் போனது. சிஸ்டர் அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்து வந்து, சின்ன நாற்காலிக்குக் கீழே தரையில் அழுந்தியிருந்த செருப்பைக் கண்டார்.

"ஓ" என்றார். "உங்க பொண்ணு தயார் சார். இவங்களுக்கு நான் இனிமே சொல்லிக்குடுக்க ஒண்ணும் இல்ல. நீங்க எழுந்து வாங்க."

நடைபாதையில் ஒரு தள்ளுகட்டில் நின்றிருந்தது. அதைத் தள்ளுகிறவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தொப்பையும் மீசையும் உள்ள மனிதர்; வார்டில் எல்லோருக்கும் அவர் அண்ணன். சிஸ்டர் மாஸ்டரை அதில் ஏறிப் படுக்கச் சொன்னார். மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி, "படுங்க, பதிவாயிடுச்சு" என்றார்.

படுத்தார். சைலன்சரும் அண்ணனும் தள்ளினார்கள். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடின. எதிரே யார் வருகிறார்கள், திருப்பம் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து இருக்கை என்பதாவது ஒரு இருக்கை. இதில் ஆள் மூட்டைதான். போர்வைக்குள் அவர் கால் பிரேக்கைத் தேடித் தேடி அலைந்தது. போர்வை சுருண்டு முட்டிக்கு ஏறிவிட்டது.

"அண்ணே, இதுக்கு பிரேக் எங்கே?" என்றார் படுத்தபடியே.

கட்டில் நின்றது. அண்ணன் முகம் மலர்ந்தது. அவர் வண்டியைப் பற்றி யாரும் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. மாஸ்டரை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு மேலே இருந்த மிதிபலகையைக் காட்டினார். ஒரு முனை சிவப்பு, மறு முனை பச்சை. "சிவப்பை மிதிச்சா நாலு சக்கரமும் பூட்டிக்கும். பச்சையை மிதிச்சாத்தான் போகும். யானை தள்ளினாலும் நகராது சார்."

மாஸ்டர் சிவப்பை மிதித்துப் பார்த்தார். கட்டிலை உலுக்கினார். அசையவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. "நல்ல பிரேக்" என்றார் உளமார.

சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "சார், பயந்து போய் பிரேக்லயே காலை வச்சுக்கிட்டு இருக்கறவங்க உங்ககிட்ட வருவாங்களா?"

"நிறைய பேர்."

"என்ன சொல்வீங்க?"

"‘காலை எடுங்க. மெதுவா. நான் இருக்கேன்ல’னு சொல்வேன்."

"எடுப்பாங்களா?"

"உடனே எடுக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் ஆகும்."

"சரி" என்றார் சிஸ்டர். "வீட்ல தினமும் ஒத்திகை பாருங்க. காலுக்கு வேலை இல்லாம இருக்கணும்னா கைக்கு ஒரு வேலை குடுங்க. பொண்ணு கையைப் பிடிச்சுக்குங்க."

உள்ளே திரும்பியபோது அத்தை தெர்மாமீட்டரோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். எடுக்கச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

வீட்டில் ஒத்திகை தொடங்கியது. பால் வடிகட்டி மாஸ்க் ஆனது. அம்மா டாக்டர். அத்தை நோயாளி, அந்தப் பாத்திரத்துக்கு அவரை விட்டால் ஆளில்லை. சைலன்சர் நர்ஸ். மாஸ்டர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் வடிகட்டி அத்தையின் மூக்குக்கு வருவதற்குள் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் சத்தம் தேய்ந்தது. ‘தொப்’ என்பது ‘தப்’ ஆயிற்று, பிறகு கட்டைவிரல் மட்டும் மடங்கியது. ஒருநாள் முழு ஒத்திகையும் முடிந்து, அத்தை கண்மூடி, அப்படியே உண்மையாகவே தூங்கியும் போனார். கால் அசையவில்லை. சைலன்சர் தரையில் குப்புறப் படுத்து அருகில் பார்த்துவிட்டு, "சரி, போலாம்" என்றாள்.

அந்த நாள் வந்தது. குழந்தை எதுவும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது என்பது உத்தரவு. மாஸ்டரும் சாப்பிடவில்லை, கேட்டால் பசியில்லை என்றார். கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று, நாத்தனாரின் கைப்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பிஸ்கட் பொட்டலம்.

"பிள்ளை வாடிப்போயிடுமேன்னு... ஒண்ணே ஒண்ணு..." என்று இழுத்தார் அத்தை.

"பதிவாயிடுச்சு அண்ணி" என்று பொட்டலத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

வார்டில் கைப்பட்டை கட்டினார்கள். சைலன்சர் குனிந்து காலைப் பார்த்தாள். சும்மா இருந்தது. களிம்பு பூசினார்கள். பார்த்தாள். சும்மா இருந்தது. போன தடவை காரியத்தைக் கெடுத்த அதே காகிதத் தொப்பி வந்தது. மாஸ்டர் அவள் கையைப் பிடித்திருந்தார். அவள் விரல்கள்தான் வலித்தன, கால் சும்மா இருந்தது. அவள் தலையை ஆட்டித் தொப்பியை அனுமதித்தாள்.

அண்ணன் தள்ளுகட்டிலைக் கொண்டுவந்தார். மாஸ்டருக்கு ஒரு வணக்கம் வைத்தார், ஒரு வண்டிக்காரர் இன்னொரு வண்டிக்காரருக்கு வைப்பது போல. எல்லோரும் நடைபாதையில் போனார்கள். தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதற்கு மேல் ஒருவர் மட்டும்தான் கூடப் போகலாம்.

மாஸ்டரின் மனைவி கோட்டின் இந்தப் பக்கம் நின்று, மகளின் தொப்பிக்குள் ஒரு முடிக்கற்றையை ஒதுக்கிவிட்டார். "எல்லாம் பதிவாயிடுச்சு கண்ணு. கொஞ்ச நேரத்துல..." என்றார். அத்தோடு குரல் அறுந்தது. எத்தனை பேர் கத்தியும் கலங்காத அந்தக் குரலிலிருந்து, குழாயில் தண்ணீர் வரும் முன் காற்று வருவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

மாஸ்டர் அதை இதுவரை கேட்டதில்லை. கட்டில் கோட்டைத் தாண்டியது. எதிரே இரட்டைக் கதவுகள் தாமாகவே திறந்தன. உள்ளே பச்சை உடுப்பில் முகமூடி போட்டவர்கள் நின்றிருந்தார்கள். வலது கால் போனது. எத்தனை நாள் வெறும் தரையையே மிதித்த கால். இன்று பார்த்து அதற்கு நிஜமாகவே ஒரு மிதி அகப்பட்டது.

நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டன. கட்டில் நின்றது. அண்ணன் நிற்கவில்லை, அவர் தொப்பை கட்டிலில் மோதி, அவர் தொப்பி பறந்து, கதவுக்குள் போய் விழுந்தது. முகமூடிக்காரர்கள் தொப்பியைப் பார்த்தார்கள்.

சைலன்சர் முழங்கையை ஊன்றி எழுந்து, விளிம்பில் எட்டிக் கீழே பார்த்தாள். சிவப்பின் மேல் அப்பாவின் கால்.

தொலைந்தது என்று நினைத்தார் மாஸ்டர். காலை எடுக்கத்தான் பார்த்தார். அது வேறு யாருடைய காலோ போல அங்கேயே இருந்தது. அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை அது சிரிக்கவில்லை. காலில் இருந்ததுதான் முகத்திலும் இருந்தது.

"அப்பா, பயமா இருக்கா உனக்கு?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். "ஆமா" என்று வந்தது.

"எனக்கும் கொஞ்சம்" என்றாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது, ரொம்ப நாளாக வராத கணக்கு வந்தது போல. தலையணையில் சாய்ந்துகொண்டாள். பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொள்ளும் ஒருவரை அவள் நன்றாகப் பார்த்திருக்கிறாள்.

"பரவாயில்லை. கதவு நாளைக்கும் இங்கேதான் இருக்கும். நாம உள்ளே போகணும்ல" என்றாள். பிறகு, அப்பாவை நீ என்றே கூப்பிட்டு வளர்ந்தவள், புதிதாக வந்து சேர்ந்த மாணவரிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னாள். "காலை எடுங்க. மெதுவா. நான் இருக்கேன்ல."

உடனே எடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் ஆனது. எடுத்தார்.

கட்டில் நகரவில்லை. அண்ணன் வயிற்றைத் தடவிக்கொண்டே காதருகில் சொன்னார். "சார், பச்சை. பச்சையை மிதிக்கணும்."

மாஸ்டர் பச்சையைப் பார்த்தார். அவருடைய இருக்கைக்குக் கீழே இப்படி ஒன்று இருந்ததே இல்லை. காலை நகர்த்தி வைத்தார். மிதித்தார். பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது. கட்டில் அவர் மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனது. அவர் பக்கத்திலேயே போனார்.

உள்ளே மயக்க மருந்து டாக்டர் கேட்டார். "மாஸ்க்குக்கு வாசனை இருக்கு. ஸ்ட்ராபெர்ரி வேணுமா, ஆரஞ்சு வேணுமா?"

"பெட்ரோல் இருக்கா?"

"அது தீர்ந்துபோச்சே."

"அப்போ ஆரஞ்சு."

மாஸ்க் வந்தது. மாஸ்டர் அவள் கையைப் பிடித்திருந்தார். அவள் ஒரு தடவை கண்ணைத் திறந்து கீழே பார்க்க முயன்றாள். அதற்குள் இமை சரிந்துவிட்டது. அடுத்த மூச்சிலேயே வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. சைலன்சர் இல்லாத அந்தச் சத்தம் அறை முழுக்க எதிரொலித்தது.

"ஆத்தாடி" என்றார் டாக்டர். "இதைக் கட்டாயம் எடுத்துடணும்."

வெளியே நாற்காலியில் மாஸ்டரும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அத்தை எதிரே. அத்தை ஒரு தடவை, "எனக்கு முட்டி..." என்று தொடங்கினார். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். கைப்பையைத் திறந்து, இல்லாத பிஸ்கட்டைத் தேடி, மூடினார். அவர் தானாகவே முடிக்காமல் விட்ட ஒரே ஆபரேஷன் அதுதான்.

மாஸ்டரின் கால் துள்ளிக்கொண்டிருந்தது. மனைவி தன் இடது காலைத் தூக்கி, செருப்போடு, அவர் வலது பாதத்தின் மேல் வைத்தார். டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, கொஞ்ச நேரத்தில் கண் விழித்துவிடுவாள் என்று சொல்லும் வரை அது அங்கேயே இருந்தது. டாக்டர் போன பிறகும் இருந்தது.

சைலன்சர் வார்டுக்கு வந்தபோது பேச முடியவில்லை. பேசவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அத்தைக்குள் அடைபட்டிருந்தது எல்லாம் மடை திறந்தது. "என் கண்ணு, என் தங்கம், இப்படித்தான் எனக்குப் பித்தப்பை எடுத்தப்போ மயக்கம் தெளியாம மூணு..."

போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. உள்ளங்கை கீழ் நோக்கி, மேலும் கீழுமாக மெதுவாக அசைந்தது. பின்னால் வரும் வண்டி வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு மாஸ்டர் சொல்லிக்கொடுக்கும் கை சைகை. அத்தைக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கினாள். மாஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, முடிதிருத்துகிறவருக்கு அடுத்த பாடம் எப்போது வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஏதோ சரியில்லை என்று பட்டது. சத்தமே இல்லை. வண்டி நின்றுவிட்டது. கால் தன்னால் போய்ப் பலகையை மிதித்தது. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த பலகை படீரென்று இரண்டாகப் பிளந்தது.

அவர் எழுந்து குனிந்து பார்த்தார். போர்வை சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது. மூச்சு, ஓசையே இல்லாமல், மூக்கு வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "என்னங்க அது?"

"ஒண்ணும் இல்ல. பலகை போயிடுச்சு."

"சரிங்க, பதிவாயிடுச்சு."

சைலன்சர் கண்ணைத் திறக்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டு, பேசக்கூடாத தொண்டையால், கரகரவென்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"பச்சை."